வேலை மாறுவோருக்கு எந்த அடுக்கு?

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1923ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உருவாக்கி விண்ணப்பம் கேட்டது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தார்கள். முறையாக நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் ஒருவரும், நண்பர்கள் வற்புறுத்தியதாலும் சம்பளம் கூடுதல் என்பதாலும், விண்ணப்பம் போட்டு வைத்தார். நேர்காணலுக்குச் சில நாள் இருக்கும்போது பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை எடுத்து, நூலகங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். அவருக்கு இருந்த நூலக அறிவெல்லாம் அந்த ஒரு கட்டுரைதான். வேலை கிடைத்துவிட்டது. அவர் பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று இன்று உலகம் சொல்கிறதே, அவரேதான்.

1924 ஜனவரியில் பதவி ஏற்றார். சில வாரங்களிலேயே அலுத்துவிட்டது. வகுப்பறையில் மாணவர்கள் சூழ நின்று பழகியவருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. பழைய ஆசிரியர் வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று பல்கலைக்கழக நிர்வாகத்திடம் போய் நின்றார். நிர்வாகம் ஒரு வழி சொன்னது. லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் கல்லூரிக்கே திரும்பிவிடலாம். அவரும் கப்பல் ஏறினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். குராய்டன் நகரப் பொது நூலகத்தை நடத்திக்கொண்டிருந்தவரும் சேயர்ஸ்தான். பாடம் ஒரு பக்கம் நடக்க, ரங்கநாதன் இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் போய்ப் பார்த்தார். தொழிலாளிகளும் குழந்தைகளும் குடும்பப் பெண்களும் நூலகத்துக்கு வந்து போவதைக் கண்ணால் கண்டார். 1925இல் ஊர் திரும்பியபோது அவருக்குக் கல்லூரி நினைப்பே இல்லை. அதன்பின் இருபது ஆண்டுகள் அந்த நூலகத்தில் இருந்தார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளைச் சொல்லும் அவருடைய நூலும், 1933இல் நூல்களை வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்பு முறையும் வெளிவந்தன.

வேலை மாறிய ஒருவரின் கதையாக இதைப் படித்துப் பார்க்க வேண்டும். கலைக்களஞ்சியக் கட்டுரை அவரை நேர்காணலில் தேறவைத்தது. அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதை அந்தக் கட்டுரையால் சொல்ல முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களின் உள்ளே போய், வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகே அவருக்கு விடை கிடைத்தது. ஒரு தொழிலுக்குள் நுழைவதற்காகப் படிக்கும் படிப்பு வேறு, அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளப் படிக்கும் படிப்பு வேறு. வேலை மாற நினைத்து நூலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வகைப் புத்தகத்தைத்தான் தேடுகிறார்கள். நூலகத்தின் உண்மையான பலமோ இரண்டாவது வகையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

தமிழ்நாட்டில் எந்த நூலகத்திலும் ‘வேலைக்குப் புத்தகம்’ என்று கேட்டால் கை நீளும் திசை ஒன்றுதான். போட்டித் தேர்வு அடுக்கு. டி.என்.பி.எஸ்.சி., குரூப் 4, வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, காவலர் தேர்வு. அந்தப் பகுதி நிரம்பி வழிகிறது, வழியட்டும். வீட்டில் மேசை நாற்காலி இல்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த இடமே படிப்பறை. அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 40 வயதில் ஆலை மூடிப்போய் நிற்கிற ஒருவருக்கும், பிள்ளை வளர்ப்புக்காகப் பத்து ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு மறுபடி சம்பாதிக்க நினைக்கிற ஒரு தாய்க்கும் அந்த அடுக்கில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பல தேர்வுகளுக்கு வயது வரம்பே தாண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, நமக்கு இங்கே எதுவும் இல்லை என்று போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் தேவையானது அடுத்த அறையிலேயே இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், ஊறுகாய், பொடி வகைகள் செய்து விற்கலாம் என்று நினைக்கிறார். நூலகத்துக்கு வந்து, “மேடம், சுயதொழில் சம்பந்தமா ஏதாவது புக் இருக்கா?” என்று கேட்கிறார். நூலகர் சுயதொழில் கையேடுகள் இரண்டைக் காட்டுகிறார். ஐம்பது தொழில், நூறு தொழில் என்று அட்டையில் போட்டிருக்கும். ஊறுகாய்க்கு அதில் இரண்டு பக்கம் கிடைத்தால் பெரிது. அவரே தேடிப் போனால் சமையல் புத்தகங்களின் முன்னால் போய் நிற்பார்.

அதே பெண்மணி வேறு மாதிரி கேட்டுப் பார்க்கட்டும். “ஊறுகா போட்டு விக்கலாம்னு இருக்கேங்க மேடம். வீட்டுக்குப் போடத் தெரியும். கடைக்குக் குடுத்தா ஆறு மாசம் கெடாம இருக்கணும். பாட்டில்ல என்ன எழுதணும்னும் தெரியல.” இப்போது நூலகரின் பதில் மாறிவிடும். “அப்போ சமையல் ரேக் வேண்டாம்மா. உணவுத் தொழில்நுட்பம் தனியா இருக்கு, வாங்க.”

இந்த இரண்டு ரேக்குகளுக்கும் உள்ள தூரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மெல்வில் டூவி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் எந்த நூலகத்திலும் சமையல் 641.5 என்ற எண்ணில் இருக்கும். விற்பனைக்காக உணவு தயாரிக்கும் தொழில்நுட்பம் 664. பொட்டலமிடும் முறைகள் 688.8. கணக்கு வைப்பது 657, நிர்வாகமும் சந்தைப்படுத்துதலும் 658, உணவுப் பாதுகாப்புச் சட்டம் 344. ஒரே ஊறுகாய்த் தொழில் இப்படி ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. 641.5இல் உள்ள நூல் ‘உப்பு தேவையான அளவு’ என்று சொல்லும். 664இல் உள்ள நூல், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளராது என்று சொல்லும். வீட்டு ஊறுகாய்க்கும் கடை ஊறுகாய்க்கும் நடுவே இருப்பது அந்த 4.6தான். அதைப் படித்தவர் அடுத்த நாள் பி.எச். மீட்டர் விலை விசாரிப்பார். படிக்காதவர் லேபிள் அச்சடிக்கப் போவார்.

சட்டப் பகுதிக்குப் போனால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, நிகர எடையும் அதிகபட்ச விலையும் எப்படிக் குறிக்க வேண்டும் என்று சொல்லும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் எல்லாம் தெரியவரும். மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகிய இரண்டும் குறுகிய காலப் பயிற்சி தருகின்றன என்ற செய்தியும் இந்தத் தேடலின் வழியாகத்தான் பலருக்குக் கிடைக்கிறது. அந்தப் பயிற்சிக்குப் போகும்போது, ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவர் கேட்கும் கேள்வியே தனியாக இருக்கும்.

அடுக்கை மாற்றித் தேடுவதால் என்ன கிடைக்கும் என்பதற்குச் செஸ்டர் கார்ல்சன் பெரிய சான்று. 1930களில் நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். காப்புரிமை ஆவணங்களுக்குப் பிரதி எடுப்பதே பெரும்பாடாக இருந்த காலம். மாலையில் சட்டக் கல்லூரி, மிச்ச நேரத்தில் நியூயார்க் பொது நூலகம் என்று கழித்தார். பிரதி எடுக்கும் முறை வேண்டும் என்றால் யாரும் புகைப்பட வேதியியல் நூல்களைத்தான் புரட்டுவார்கள். பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் அந்த வழியை முன்பே துழாவியிருக்கும் என்று கருதிய கார்ல்சன், ஒளிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய நூல்கள் பக்கம் போனார். ஹங்கேரிய இயற்பியலாளர் பால் செலெனியின் கட்டுரை அங்கே கிடைத்தது. 1938 அக்டோபர் 22 அன்று குவீன்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் முதல் மின்பிரதி உருவானது. 1959இல் சந்தைக்கு வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரத்தின் வேர் அந்த நூலக மாலைகளில் இருக்கிறது.

இனி, வேலை மாற நினைப்பவர் எந்த ஆவணங்களைத் திறக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, அவரவர் செய்துவரும் வேலையைப் பற்றியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வெளியிட்ட தேசியத் தொழில் வகைப்பாடு 2015 என்ற தொகுப்பு இருக்கிறது. ஏறத்தாழ 3,600 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்கக் குறியீடு, அந்த வேலையைச் செய்பவர் நாளெல்லாம் என்ன செய்கிறார் என்று ஒரு பத்தி. நேஷனல் கேரியர் சர்வீஸ் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பார்த்தால் அரசு ஆவணத்துக்கே உரிய வறட்சியோடு இருக்கும். ஆனால் வேலை இழந்து மனம் உடைந்து நிற்பவருக்கு இதைப்போல் தெம்பு தரும் நூல் குறைவு. நூற்பாலையில் பதினைந்து ஆண்டு ஸ்டோர்ஸ் பார்த்தவர் தன் வேலையின் பத்தியைப் படிக்கும்போது, சரக்கு சரிபார்த்தல், இருப்புக் கணக்கு, வவுச்சர், லாரி வரவு செலவு என்று தான் செய்தவையெல்லாம் வரிசையாக வரும். பக்கத்துப் பக்கத்து எண்களைப் பார்த்தால் கிடங்கு மேற்பார்வை, போக்குவரத்து ஒருங்கிணைப்பு என்று அதே திறன்களைக் கேட்கும் வேறு வேலைகள் தெரியும். தனக்கு நூலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தவருக்கு, பாதி வேலை முன்பே தெரிந்திருக்கிறது என்று புரியும். முதல் நான்கு இலக்கங்கள் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டு வகைப்பாட்டை ஒட்டியவை. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போக நினைப்பவருக்கு அதுவும் உதவும்.

வேலைகளை இப்படி விவரித்துத் தொகுக்கும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அடுத்து என்ன வேலை என்று வழிகாட்டுவதற்காக அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை தொகுத்த கையேடு, 1949 முதல் பொதுப் பதிப்பாக வெளிவரத் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. ஊர் நூலகத்தில் வேலை பற்றிக் கேட்டால் நூலகர் முதலில் எடுத்து நீட்டியது பல பத்தாண்டுகளாக அந்தக் கையேட்டைத்தான்.

இரண்டாவது, போக நினைக்கும் தொழிலின் பயிற்சி நூல்கள். இதற்கு நம்மிடம் ஒரு நல்ல களஞ்சியம் உண்டு. சென்னை கிண்டியில் 1986இல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்ட தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம், சுருக்கமாக நிமி, ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளுக்கான பாடநூல்களை வெளியிடுகிறது. பல பிரிவுகளுக்குத் தமிழிலும் நூல்கள் உண்டு. பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒவ்வொரு தொழிலுக்கும் கோட்பாடு ஒரு நூல், செய்முறை ஒரு நூல். வேலை மாறுபவர் செய்முறை நூலை முதலில் படிப்பது நல்லது. குளிர்சாதனத் தொழிலுக்குப் போக நினைக்கும் ஒருவர் அதைத் திறந்தால், செப்புக் குழாயை வெட்டுவது, வாய் விரிப்பது, பற்றவைப்பது, கசிவு பார்ப்பது, வெற்றிடமாக்குவது, வாயு நிரப்புவது என்று ஒவ்வொரு பயிற்சியும் கருவிப் பட்டியலோடு இருக்கும். மொட்டை மாடியில் வெயிலில் மண்டியிட்டுச் செய்யும் வேலை எது, எங்கே கை சுடும், எங்கே கண்ணாடி அணிய வேண்டும் என்பதெல்லாம் அதில் தெரியும். கோர்ஸ் விளம்பரத்தில் இதெல்லாம் வராது. முதுகுவலிக்காரர் ஒருவர் அந்த நூலைப் படித்துவிட்டு, நமக்கு இது சரிப்படாது என்று முடிவுக்கு வந்தால், அதுவும் நூலகம் செய்த பெரிய உபகாரம். கட்டியிருக்கக்கூடிய கட்டணம் மிச்சம், ஓராண்டு மிச்சம்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தரநூல்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அவையும் இன்று இணையத்தில் இலவசம். ஒரு பொருளைத் தயாரிக்க நினைப்பவர் அதன் தரநூலைப் படிக்காமல் இயந்திரம் வாங்கக் கூடாது.

மூன்றாவது, தொழிலின் அன்றாடம் பதிவாகும் தாள்கள். தொழில்முறை இதழ்கள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், புள்ளிவிவரக் கையேடுகள். விவசாயத்துக்குத் திரும்ப நினைக்கும் மென்பொருள்காரர்கள் இப்போது நிறையப் பேர். 2007 முதல் வெளிவரும் பசுமை விகடன் போன்ற இதழ்களில் வெற்றிக் கதைகளைப் படித்துத்தான் பலருக்கு அந்த ஆசையே வருகிறது. ஆசை வரட்டும். அடுத்ததாக அவர்கள் பார்க்க வேண்டியது, வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வெளியிடும் பயிர் உற்பத்திக் கையேடு. விதை அளவு, இடைவெளி, உரம், நாள் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். பிறகு பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவம் மற்றும் பயிர் அறிக்கை, மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு. நிலம் வாங்கப் போகும் மாவட்டத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு மழை, எத்தனை கிணறு, எந்தப் பயிரின் பரப்பு ஆண்டுக்காண்டு குறைகிறது என்று இவை காட்டும். இந்தக் கையேடுகள் பார்வை நூல் பகுதியில் தூசு படிந்து கிடக்கின்றன. முன்பணம் கொடுத்த பிறகு கிணறு வற்றியது தெரிந்து என்ன பயன்?

தொழில் இதழ்களில் அட்டைக் கட்டுரையை விட வாசகர் கடிதங்களுக்கும் விளம்பரங்களுக்கும் மதிப்பு அதிகம். ஒரு தொழிலில் இருப்பவர்கள் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்பது கடிதங்களில் இருக்கும். ஆட்கள் கிடைக்கவில்லை, பணம் வர மூன்று மாதம் ஆகிறது, மூலப்பொருள் விலை ஏறிவிட்டது என்ற புலம்பல்களே அந்தத் தொழிலின் உண்மை நிலவரம். அந்தப் புலம்பலைப் படித்த பிறகும் ஆசை அடங்காதவர் தாராளமாக இறங்கலாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் இடர்ப்பாடுகள் பற்றி ஒரு பகுதி உண்டு. தங்கள் தொழிலுக்கு எதனால் ஆபத்து என்று அவர்களே எழுதித் தருவது அது.

நூலின் வயதைப் பார்க்காமல் எதையும் நம்பிவிடக் கூடாது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன் அச்சான வணிக வரி நூல் வரலாறு படிப்பவருக்கு மட்டுமே உதவும். 2013இல் புதிய கம்பெனிகள் சட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. குளிர்சாதனத்தில் பழைய நூல்கள் ஆர்-22 வாயுவை வைத்தே பேசும். மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அந்த வாயு விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆர்-290 என்பதோ சாட்சாத் புரொப்பேன். பழைய நூலை மட்டும் படித்துவிட்டு அவற்றைக் கையாண்டால் உயிருக்கே ஆபத்து. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் அச்சான ஆண்டு இருக்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதற்கெல்லாம் இடம் தர நம்மிடம் நூலகங்கள் இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றன. 1948இல் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணம் நிறைவேற்றிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்கு அடித்தளம் போட்டவரும் ரங்கநாதன்தான். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்க அந்தச் சட்டம் வழி செய்தது. அதாவது, வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த நூலகங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். இன்று மாநிலத்தில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. சென்னையில் 1896 டிசம்பரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. கடையில் கிடைக்காத தொழிற்கையேடு அங்கே கிடைக்கக்கூடும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒன்பது தளங்கள். மதுரையில் 2023 ஜூலை 15இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது.

கட்டடம் உண்டு, நூல் உண்டு, ஊழியர் உண்டு. நடுவயதில் வேலை மாறுபவருக்கென்று ஒரு மேசை இல்லை. பிரிட்டிஷ் நூலகம் 2006இல் தொழில் மற்றும் அறிவுச்சொத்து மையத்தைத் திறந்தது. பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டிய சந்தை ஆய்வறிக்கைகளை அங்கே யாரும் உட்கார்ந்து இலவசமாகப் படிக்கலாம், ஆலோசகரைப் பார்க்கலாம். நியூயார்க் பொது நூலகம் 1996இலேயே அறிவியல், தொழில், வணிகத்துக்கென்று தனி நூலகம் திறந்தது. இப்போது ஐந்தாம் அவென்யூவில் உள்ள கிளையின் வணிக மையத்தில், வேலை தேடுபவருக்குத் தனித்தனியாக உட்கார்ந்து சுயவிவரக் குறிப்பைத் திருத்திக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்குப் பெரிய அளவில் கைகொடுக்கிறது. கல்லூரியை விட்டு இருபது ஆண்டு ஆனவருக்கு அந்த வாசல் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு மைய நூலகத்திலாவது, போட்டித் தேர்வுப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ரேக், ஒரு மேசை, ஒரு கணினி ஒதுக்கினால் போதும். நிமி நூல்கள், தொழில் வகைப்பாடு, மாவட்டக் கையேடு, உணவுச் சட்டம், ஜி.எஸ்.டி. நூல், அந்தந்த மாவட்டத்தின் முக்கியத் தொழிலுக்கான இதழ்கள். திருப்பூர் என்றால் பின்னலாடை, சிவகாசி என்றால் அச்சு, ஓசூர் என்றால் இயந்திர உதிரிபாகம். கோடிகள் தேவைப்படும் திட்டம் இல்லை இது.

நூலகருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கேட்டதை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு கொடுப்பதைத்தான் ரங்கநாதன் பார்வை நூல் சேவை என்று தனி நூலாகவே எழுதினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று. நாற்பது வயதில் வேலை இழந்தவருக்கு நேரம் என்பது வாடகை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்துச் செலவு. ஊழியர் பற்றாக்குறையோடு ஒற்றை ஆளாகக் கிளை நூலகத்தை நடத்துகிற நூலகரிடம் இன்னொரு சுமையையும் ஏற்றுகிறோம் என்பது உண்மை. அதனால்தான் வாசகர் வட்டம் முன்வர வேண்டும்.

வாசகர் வட்டம் என்ன செய்யலாம் என்பதற்கு வெளிநாட்டில் இரண்டு முன்மாதிரிகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ரிச்சர்ட் போல்ஸ் என்ற பாதிரியார் 1968இல் தேவாலயத்தின் பணநெருக்கடியால் வேலை இழந்தார். தன்னைப்போல வேலை பறிபோன பாதிரியார்களுக்காக 1970இல் ஒரு கையேட்டைச் சொந்தச் செலவில் அச்சடித்தார். ‘உங்கள் பாராசூட்டின் நிறம் என்ன’ என்ற பொருள்படும் தலைப்புக் கொண்ட அந்தக் கையேடு பிறகு ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. போக நினைக்கும் தொழிலில் இருப்பவரை நேரில் பார்த்து, வேலை கேட்காமல் விவரம் மட்டும் கேட்டு வருவதை வேலை தேடுவோரிடையே பரப்பியது அந்த நூல். டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு ராஸ்கில்டே விழாவில் தொடங்கிய மனித நூலகமும் இதற்கு நெருக்கமானது. புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரைச் சிறிது நேரம் இரவல் வாங்கி அவர் அனுபவத்தைக் கேட்கலாம். இந்த இரண்டையும் செய்ய நம்முடைய வாசகர் வட்டங்களுக்குத் தனி அனுமதியோ நிதியோ தேவையில்லை.

இந்த அரங்கில் வேலை மாறியவர்கள் பலர் இருப்பார்கள். ஆலையிலிருந்து கடைக்குப் போனவர், வங்கியிலிருந்து பண்ணைக்குப் போனவர், அலுவலகத்திலிருந்து தையலகத்துக்குப் போனவர். மாறும்போது நீங்கள் படித்த நூல்களில் உண்மையிலேயே உதவியவை எவை என்று ஒரு தாளில் எழுதி, அச்சான ஆண்டோடு நூலகரிடம் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியை இனி எடுக்கப் போவதில்லை என்றால் அதையும் கொடுங்கள். நூலகத்தில் இல்லாத நூலை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கும் உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் இங்கே வந்து உட்காருங்கள். உங்கள் பழைய தொழில் எது, புதிய தொழில் எது என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். கேட்க வருகிறவரிடம் லாபத்தை மட்டும் சொல்லாமல், முதல் ஆண்டு எவ்வளவு நஷ்டம் வந்தது என்பதையும் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்பாகப் பத்துப் பேராவது பெயர் கொடுத்தால், அந்த ரேக்குக்கான கோரிக்கையை மாவட்ட நூலக அலுவலரிடம் வாசகர் வட்டத்தின் சார்பிலேயே கொடுத்துவிடலாம்.